உயிரியலா, கணினி அறிவியலா: பிளஸ் ஒன் சேரும்போது பார்க்க வேண்டியது

என் மகன் உயிரியல்–கணிதப் பிரிவில் படித்து 2023-இல் பிளஸ் டூ முடித்தான். மகள் கணினி அறிவியல்–கணிதப் பிரிவில் படித்து 2025-இல் முடித்தாள். இருவருக்கும் மாநிலப் பாடத்திட்டம், ஒரே பள்ளி. இருவரும் போய்ச் சேர்ந்ததும் பொறியியல்தான். இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டதால், பொறியியல் என்று மனத்தில் உறுதி செய்துகொண்ட பிள்ளைக்குக் கணினி அறிவியல்–கணிதமே நல்லது என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்த செய்திகளை முதலில் முடித்துவிடலாம். மொழிப்பாடம், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய ஐந்தும் இரண்டு பிரிவுக்கும் பொது. ஆறாவது பாடம் மட்டுமே வேறு. பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கியாக வேண்டும். பி.இ. கணினி அறிவியலில் சேர வேண்டுமென்றால் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று இன்றும் பல பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும். உயிரித் தொழில்நுட்பத்தில் பி.டெக். சேர்வதற்குக்கூட உயிரியல் கட்டாயமில்லை. மகள் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்னும் நிரல்மொழிகளைப் படித்தாள் என்பது உண்மைதான். ஆனால் பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்திலேயே நிரல் எழுதும் பாடம் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து தொடங்கித்தான் நடத்துகிறார்கள். அவளுக்கு இருந்த முன்னிலை அந்த ஒரு பருவத்தோடு சரி. ஆகவே, கணினிப் பொறியியலுக்கு அடித்தளம் என்ற காரணத்துக்காக நான் அந்தப் பிரிவைப் பரிந்துரைக்கவில்லை.

என் காரணம் வேறு. அது கணிதத்துக்குக் கிடைக்கும் நேரம்.

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை முடிவுசெய்யும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தின் 100 மதிப்பெண்ணும் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு ஐம்பது ஐம்பதாகச் சேரும். அதாவது இயற்பியலில் இரண்டு மதிப்பெண் இழப்பதும் கணிதத்தில் ஒரு மதிப்பெண் இழப்பதும் ஒன்று. கட்-ஆஃப் சமமாக இருந்தால்கூட முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசையில் நூற்றுக்கணக்கானோர் முன்னே போய்விடுகிறார்கள். ஆறாவது பாடமோ இந்தக் கட்-ஆஃப் கணக்குக்குள் வருவதே இல்லை.

அந்தக் கணக்கில் வராத பாடம் வாரத்தில் எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை நான் மகனிடம்தான் பார்த்தேன். உயிரியல் என்பது பெயருக்கு ஒரு பாடம்; கையில் வருவது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் 35, 35 என்று இரண்டுக்கும் பிரிகிறது. ஆசிரியர் இருவர், செய்முறைக்கான ரெக்கார்டு நோட்டும் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகரந்தப்பையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைவான்; அடுக்குகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக இழைத்து, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, பாகங்களைக் குறிப்பான். ஒரு கோடு வளைந்துவிட்டால் அழித்து மீண்டும் தொடங்குவான். அந்த மேசையின் ஓரத்தில் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பாடம் திறந்தபடியே கிடக்கும். எட்டரை மணிக்கு ரெக்கார்டை மூடும்போது அதில் நான்கு கணக்குப் போடக்கூட அவனிடம் தெம்பு இருக்காது.

பொதுத்தேர்வில் அவன் உயிரியலில் 96 வாங்கினான். அதுதான் அவனுடைய ஆக உயர்ந்த மதிப்பெண். கணிதத்தில் 88, இயற்பியலில் 91, வேதியியலில் 93. கூட்டிப் பார்த்தால் கட்-ஆஃப் 180. அந்த 96-இல் ஒரு மதிப்பெண்கூடக் கட்-ஆஃப்பில் ஏறவில்லை. கணித வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழு இருக்கும், அவற்றுக்கு மட்டும் 35 மதிப்பெண். இரண்டை முழுதாக முடிக்க முடியவில்லை என்று தேர்வன்றே சொன்னான்.

மகளுக்கும் கணினி அறிவியலில் ரெக்கார்டு உண்டு. நிரலை எழுதி, வெளியீட்டை எழுதி, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். மிச்சமான மாலைகளில் கணிதப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் மூன்று சுற்று போட்டாள். கணிதத்தில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 94, கட்-ஆஃப் 190. விரும்பிய கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைத்தது.

இந்தப் பத்து மதிப்பெண் வித்தியாசம் முழுவதும் பிரிவினால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கணக்கில் ஈடுபாடு அதிகம். இரண்டு வினாத்தாள்களும் வேறு வேறு ஆண்டைச் சேர்ந்தவை. நேரம் எங்கே போனது என்பதை மட்டுமே நான் கண்ணால் பார்த்தேன்.

மகனுக்கு உயிரியல்–கணிதத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். இரண்டு கதவும் திறந்திருக்கும், டாக்டர் ஆனாலும் ஆகலாம், இன்ஜினீயர் ஆனாலும் ஆகலாம் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு என்பதும், அதற்கெனத் தனியாக உழைக்காமல் பள்ளிப் படிப்பை மட்டும் நம்பி அதை எழுத முடியாது என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தன. பதினொன்றாம் வகுப்பின் நடுவிலேயே நீட் வேண்டாம் என்று அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். அதன் பிறகு அவன் பள்ளியில் பிரிவை மாற்றித் தரவில்லை. போகப்போவதில்லை என்று தெரிந்த கதவுக்காக மீதமிருந்த ஒன்றரை ஆண்டும் அவன் உயிரியல் படித்தான்.

மாறாக, கணினி அறிவியல் எடுத்த பிள்ளை பின்னால் மருத்துவம் என்று மனம் மாறினால் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அனுமதித்தது. ஆனால் அது சுற்றுவழி. அதை நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

வணிகவியல் பிரிவைப் பற்றியும், கணிதமே இல்லாத தாவரவியல்–விலங்கியல் பிரிவைப் பற்றியும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லாததால் இங்கே எதுவும் சொல்லவில்லை. கணினி அறிவியலைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்தப் பள்ளியில் அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகத்தில் கணினிகள் இயங்குகின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

எதிர் வீட்டுப் பெண் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்குக் கால்நடை மருத்துவம் வேண்டும், கிடைக்காவிட்டால் வேளாண்மை. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகிறார்கள். அங்கே உயிரியல் மதிப்பெண் கணக்கில் ஏறும். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் அப்பா என்னிடம் கருத்துக் கேட்க வந்தபோது, உயிரியல்–கணிதம் என்றே எழுதச் சொன்னேன்.