இரவு டியூட்டிக்காரருக்கு ஏற்ற இருட்டுத் திரைச்சீலை

கல்லடியில் கடலைப் பார்த்த வீடு, இரவு டியூட்டி முடிந்து வந்து படுத்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதனால்தான் மட்டக்களப்பு டவுனில் இந்தத் தடித்த கறுப்புத் திரைச்சீலையை வாங்கினேன். நல்ல சாமான். இரண்டு மணித்தியாலத்தில் விழித்துவிடுகிற நான் இப்போது ஐந்து மணித்தியாலம் தூங்குகிறேன்.

கண்ணில் வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலட்டோனினின் சுரப்பு குறையும். தூக்கமும் விழிப்பும் நாள்தோறும் மாறி மாறி வரும் இந்த உடல் சுழற்சிக்கு 1959இல் விஞ்ஞானி பிரான்ஸ் ஹால்பெர்க் வைத்த பெயர்தான் 'சர்க்கேடியன்', லத்தீனில் 'ஏறத்தாழ ஒரு நாள்' என்று அர்த்தம். அந்த 'ஏறத்தாழ' முக்கியம், ஏனென்றால் உடம்பின் கடிகாரம் தானாகச் சரியாக 24 மணித்தியாலம் ஓடாது, தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது.

குறை ஒன்று: கம்பிக்கும் சுவருக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி, அதனூடாக ஒரு கீற்று தலையணைவரை வருகிறது. பழைய சாரம் ஒன்றை மடித்துச் செருகியிருக்கிறேன். வாங்குபவர்கள் யன்னலைவிட ஒரு சாண் அகலமாகவே எடுங்கள்.