கிரிப் அறிக்கையில் தவறான நிலுவை: ஹட்டனிலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறிக் கட்டிய வீட்டுக்குக் கூரை போடுவதற்காக ஹட்டனில் உள்ள வங்கியொன்றில் கடன் கேட்டபோது, என் பெயர் கிரிப்பில் விழுந்திருப்பதாக, அதாவது கடன் பதிவில் நிலுவையோடு இருப்பதாக, அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். என் பெயரில் நான் எந்தக் கடனும் எடுத்ததில்லை. மச்சானின் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றிருந்தேன். பிணையாளியின் பொறுப்பும் அங்கே பதிவாகும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. கடன் கொடுப்பதோ மறுப்பதோ அதன் வேலையன்று. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவலை அது சேர்த்து வைத்துக் காட்டுகிறது. தீர்மானிப்பவர் கடன் கொடுப்பவரே. நம்மைப் பற்றிய அறிக்கையை நாமே கேட்டுப் பெறலாம் என்பதும், அடையாள அட்டையுடன் நமது வங்கியிலேயே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம் என்பதும் கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டிய நமக்கு உண்மையிலேயே பெரிய வசதி. என் கைக்கு வந்த அறிக்கை தெளிவாக இருந்தது. முழுதாகக் கட்டி முடித்த அதே லீசிங்குக்கு எதிரே 18,450 ரூபா நிலுவை என்று ஒரு வரி நின்றது.

அந்த வரியைத் திருத்துவதுதான் கடினமாக இருந்தது. நிதி நிறுவனம் தந்த பற்றுச்சீட்டுகள் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றில் எழுத்து இல்லை. வெப்பத்தாளில் அச்சிட்டவை என்பதால் வெறும் மஞ்சள் துண்டுகளாக மாறியிருந்தன. ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் தொகையையும் திகதியையும் பிள்ளையின் பழைய கொப்பியில் என் மனைவி எழுதி வைத்திருந்ததால்தான், நிறுவனக் கிளையில் பழைய கணக்கைத் தேடியெடுக்கச் செய்து, கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்க முடிந்தது. அதற்கு முன் மூன்று முறை போனபோதும் "அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்ற பதிலே கிடைத்தது.

பிறகு அறிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, கடிதத்தின் பிரதியை இணைத்துப் பணியகத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை அனுப்பினேன். பணியகம் தானாக எதையும் அழிக்காது. தகவல் அனுப்பிய நிறுவனத்திடமே விசாரித்து, அது திருத்திய பின்னரே பதிவு மாறும். தவறு செய்தவரிடமே திருத்தும் பொறுப்பும் இருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஆயினும் என் மூன்று பயணங்களுக்கு அசையாத நிறுவனம் அந்த எழுத்து ஆட்சேபணைக்குப் பிறகு அசைந்தது. அப்படியும் அசையாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

மலையகத்தவர்கள் தங்கள் அறிக்கையில் முதலில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று என்பது நம்மிடையே சாதாரணம். பழைய இலக்கத்தில் ஒரு கடனும் புதிய 12 இலக்க எண்ணில் இன்னொரு கடனும் இருக்கவும் கூடும். பணம் கொடுத்தால் கிரிப்பைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். உண்மையான நிலுவையை எந்தத் தரகராலும் நீக்க முடியாது, தவறான நிலுவையை நீக்க அவர் தேவையுமில்லை.

இரண்டாவது முறை எடுத்த அறிக்கையில் அந்த லீசிங் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. மச்சான் காய்ச்சலில் கிடந்த காலத்தில் தவணை தாமதமான இரண்டு மாதங்கள் மட்டும் அப்படியே இருந்தன; அவை உண்மை என்பதால் அவற்றை நான் ஆட்சேபிக்கவில்லை. வங்கி அதிகாரி அந்த இரண்டு மாதங்களைப் பற்றிக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன், விண்ணப்பத்தை மீண்டும் வாங்கிக்கொண்டார்.