எஸ்க்யூஎல் சர்வர் 2019-ல் டேபிள் வேரியபிள்: முன்னேற்றம்தான், ஆனாலும் என் ஓட்டு டெம்ப் டேபிளுக்கே

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில், க்வெரியை ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (சர்வரிலேயே பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கும் க்வெரித் தொகுப்பு) போட்டுவிட்டால் தானாக வேகமாகிவிடும் என்று இன்னும் நிறைய பேர் நம்புகிறார்கள். அதில் மிச்சமாவது பெரும்பாலும் கம்பைல் நேரம்தான், அதாவது க்வெரியை எப்படி ஓட்டுவது என்ற ப்ளானைப் போடும் நேரம்; ஏற்கெனவே போட்டுக் கேஷில் வைத்திருக்கும் ப்ளானை எடுத்து ஓட்டுகிறது. அந்த ப்ளானே தப்பு என்றால் ப்ரொசீஜர் என்ன செய்யும்? உள்ளே இடைக்கால டேட்டாவை டேபிள் வேரியபிளிலா (@ போட்டு அறிவிக்கும் டேபிள்), டெம்ப் டேபிளிலா (# போட்டு உருவாக்கும் தற்காலிக டேபிள்), எதில் போட்டு வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2017 பதிப்பு வரை டேபிள் வேரியபிளில் லட்சம் வரி (ரோ) இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கம்பைல் செய் என்று சொல்லும் ரீகம்பைல் ஹின்ட் கொடுக்காவிட்டால், ப்ளான் போடும் ஆப்டிமைசர் பொதுவாக 1 வரி என்றே கணக்குப் போடும். பெரிய ரிப்போர்ட் ஒன்றின் ஆக்சுவல் ப்ளானைத் திறந்து அம்புக்குறி மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், எஸ்டிமேட் 1, வந்ததோ பல்லாயிரம். ஒரு வரிதானே என்று நெஸ்டட் லூப்பை (ஒவ்வொரு வரிக்கும் அடுத்த டேபிளைத் தேடும் முறை) எடுத்திருக்கும், சார்ட்டுக்கு ஒதுக்கிய மெமரி பத்தாமல் டெம்ப்டிபிக்கு (தற்காலிக டேட்டாவுக்கான சிஸ்டம் டேட்டாபேஸ்) வழிந்து மஞ்சள் முக்கோண எச்சரிக்கை வேறு. அதையே # போட்ட டெம்ப் டேபிளாக மாற்றினால் ஸ்டாடிஸ்டிக்ஸ் (டேட்டா எப்படிப் பரவியிருக்கிறது என்ற குறிப்பு) கிடைக்கும், நிறைய வரிகளுக்கு ஏற்ற ஹாஷ் ஜாயினுக்குப் போகும், அதே ப்ரொசீஜர் சட்டென்று முடியும். டேபிள் வேரியபிள் மெமரியிலேயே இருக்கும் என்பதும் கட்டுக்கதை, இரண்டுமே டெம்ப்டிபியில்தான்.

2019-ல் வேரியபிள் முதல் தடவை நிரம்பும் வரை, அதைப் பயன்படுத்தும் ஸ்டேட்மென்டைக் கம்பைல் செய்யாமல் காத்திருக்கிறது. கோடில் கை வைக்காமலே எஸ்டிமேட் சரியாகிறது, பழைய ப்ரொசீஜர்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் இது பெரிய வரம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தெரிவது வரிகளின் எண்ணிக்கை மட்டும்தான், எந்த நெடுவரிசையில் எந்த மதிப்பு எவ்வளவு என்ற ஸ்டாடிஸ்டிக்ஸ் இப்போதும் கிடையாது. அப்புறம், முதல் ஓட்டத்தில் 10 வரி வந்திருந்தால் அதற்கான ப்ளானே கேஷில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்து லட்சம் வரி வந்தாலும் அதேதான்.

அதனால் நூறு இருநூறு வரி என்றால் டேபிள் வேரியபிள் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போய், ஜாயினும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டெம்ப் டேபிள்தான். இண்டெக்ஸை மட்டும் டேபிளை உருவாக்கும்போதே சேர்த்து எழுதுங்கள், பின்னால் தனியாகப் போட்டால் ப்ரொசீஜர் அந்த டெம்ப் டேபிளைக் கேஷ் செய்யாது, ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக உருவாக்கும்.

இன்னொன்று, பழைய பேக்கப்பை 2019-ல் ரீஸ்டோர் செய்தால் கம்பாட்டிபிலிட்டி லெவல் (டேட்டாபேஸ் எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்ற செட்டிங்) பழையதாகவே நிற்கும். 2019-க்கான 150-க்கு மாற்றாதவரை, டேபிள் வேரியபிள் நிரம்பும் வரை காத்திருந்து கம்பைல் செய்யும் இந்த வசதி வேலை செய்யாது.