ஒரே ஊர், இரண்டு லாஸ் சாண்டோஸ்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என் லேப்டாப்பில் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையின் பழைய வீடியோ கேமான சான் ஆன்ட்ரியாஸ் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதையா இன்னும் ஆடறீங்க? இவனுக்கு விரலே தனித்தனியா இல்லையே" என்றான். உண்மைதான். கேமின் நாயகன் சிஜேவின் கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், விரல்கள் கையுறைக்குள் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அவன் வளர்ந்தது ஜிடிஏ 5 ஆடி. நான் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் சான் ஆன்ட்ரியாஸ் ஆடியவன். இரண்டில் எது நிஜத்துக்குப் பக்கம் என்று அன்று ராத்திரி வெகுநேரம் சண்டை போட்டோம்.

இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு நியாயம் உண்டு. இரண்டிலும் வருவது ஒரே ஊர்தான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்துச் செய்த கற்பனை ஊர், லாஸ் சாண்டோஸ். 2004இல் வந்த சான் ஆன்ட்ரியாஸில் அது 1992ஆம் ஆண்டின் ஊர். கூடவே சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகஸ் ஜாடையில் இன்னும் இரண்டு ஊர்கள். 2013இல் வந்த ஜிடிஏ 5-இல் அதே லாஸ் சாண்டோஸ் மட்டும், நம் காலத்து ஊராக. மவுன்ட் சிலியாட் என்ற மலை இரண்டிலும் இருக்கிறது.

கண்ணுக்கு எது நிஜம் என்று கேட்டால் போட்டியே இல்லை. சான் ஆன்ட்ரியாஸ் முதலில் வந்த பிளேஸ்டேஷன் 2 என்ற கன்சோலின் (டிவியில் மாட்டி கேம் ஆடும் கருவி) மெயின் மெமரி 32 எம்பி. ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு 2015இல் வந்தபோது குறைந்தது 4 ஜிபி ராம், 65 ஜிபி இடம் கேட்டது. அந்த இடமெல்லாம் எங்கே போயிற்று என்று மருமகன் காட்டினான். ஜிடிஏ 5-இன் மூன்று நாயகர்களில் ஒருவனான பிராங்க்ளினைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினான். வெளியே வந்ததும் இடுப்புக்குக் கீழே மட்டும் துணி நனைந்து கறுத்திருந்தது. சட்டையின் மேல்பாதி காய்ந்தே இருந்தது. அப்புறம் ஒரு காரை வேகமாக ஓட்டி வந்து ஓரங்கட்டி, "சத்தம் போடாம கேளுங்க" என்றான். அணைத்த இன்ஜின் சூடு ஆறும்போது வருகிற 'டிக் டிக்' சத்தம். என் பைக்கில் தினமும் கேட்கிறேன், ஆனால் ஒரு கேமில் யாராவது இதை வைப்பார்கள் என்று நினைத்ததில்லை.

சான் ஆன்ட்ரியாஸிலோ, நீங்கள் எந்தக் காரை ஓட்டுகிறீர்களோ, கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் அதே கார்தான். ஒரே நேரத்தில் மெமரியில் ஏற்றி வைக்க முடிந்தது சில வகை வண்டிகளை மட்டும் என்பதால், ஏற்கெனவே ஏற்றியதையே திரும்பத் திரும்ப இறக்கிவிடும். பைக்கை முறுக்கினால் கட்டடங்கள் நம் முகத்துக்கு நேரே முளைக்கும்.

சரி, இந்த இடத்தில்தான் என் பக்கம் வாதம் தொடங்கியது. பழைய லாஸ் சாண்டோஸில் தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகைமூட்டம் இருக்கும். தொலைவில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்ட அந்தக் கன்சோலுக்குத் தெம்பில்லை, அதை மறைக்கப் போட்ட திரைதான் அது. ஆனால் அந்தத் திரைதான் ஊரைப் பெரிதாக்கிக் காட்டியது. சான் பிரான்சிஸ்கோ ஜாடை ஊரான சான் பியரோவுக்குக் கிளம்பினால் காடும் மேடும் வளைவுமாக ரோடு போய்க்கொண்டே இருக்கும். வெளியூர் போகிறோம் என்ற உணர்வு வரும். 2021இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் இதே கேமைத் துலக்கி வெளியிட்டபோது அந்த மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். மலைமேல் ஏறி நின்றால் மூன்று ஊரும் ஒரே பார்வையில், மொட்டை மாடியிலிருந்து அடுத்த தெருவைப் பார்க்கிற மாதிரி. மழை வேறு வெள்ளை நூல் நூலாகத் தொங்கியது. அந்த வெளியீடு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் 2024 நவம்பரில் பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் திருப்பிக் கொடுக்கும் வசதி வந்தது. தெளிவாகத் தெரிந்தால் நிஜமாக இருக்கும் என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

அடுத்தது உடம்பு. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சிஜேவுக்குப் பசிக்கும். கேம் கணக்கில் இரண்டு நாள் சாப்பிடாமல் விட்டால் உடம்பு கரைய ஆரம்பிக்கும். சிக்கன் கடையில் பெரிய தட்டாக வாங்கித் தின்றுகொண்டே இருந்தால் தொப்பை போடும், ஓட்டம் குறையும், தெருவில் போகிறவன் கிண்டலடிப்பான். அளவு மீறினால் அங்கேயே வாந்தி. ஜிம்முக்குப் போகலாம், ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நிறுத்திவிடும். நாளைக்குத்தான் வர வேண்டும். ஜிடிஏ 5-இல் மைக்கேல், பிராங்க்ளின், டிரெவர் மூவருக்கும் பலம், தம், கார் ஓட்டும் திறமை எல்லாம் கட்டம் கட்டமாக ஏறும். ஆனால் கதை முழுக்க ஆடி முடித்தாலும் மைக்கேலின் தொப்பை ஒரு அங்குலம் கூடாது, குறையாது.

"நிஜத்துல பசிக்குது, காசு இல்லைங்கறதை மறக்கத்தானே மாமா கேம் ஆடறோம்? அங்கேயும் போய் சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படணுமா?" என்று கேட்டான். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் என் சிஜேவை நான் உருவாக்கினேன். பக்கத்து சீட்டுக்காரனின் சிஜே குண்டு, என்னுடையவன் பயில்வான்.

அவன் வைத்த எதிர்வாதம் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஜிடிஏ 5-இல் ஒருவரை விட்டு இன்னொருவருக்கு மாறினால், கேமரா வானத்துக்குப் போய், மறுபடி இறங்கும். கீழே அந்த ஆள் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருப்பார். ஒருமுறை டிரெவர் பெண்கள் கவுனை மாட்டிக்கொண்டு மலையுச்சியில் போதை தெளியாமல் கிடந்தான். நாம் பார்க்காத நேரத்திலும் அவர்களுக்கு வாழ்க்கை இருக்கிறது என்று தோன்றவைக்கும் அந்த வித்தை சான் ஆன்ட்ரியாஸில் கிடையாது. நாம் எழுந்து போனால் சிஜே நின்ற இடத்தில் நிற்பான்.

கார் விஷயத்தில் இரண்டுமே சினிமாதான். பழையதில் கார் கவிழ்ந்தாலே தீப்பிடித்து வெடிக்கும். புதியதில் கவிழ்ந்த காரை உள்ளே உட்கார்ந்தபடியே உருட்டி நிமிர்த்திவிடலாம். எது அதிக அபத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. நடுவில் 2008இல் வந்த ஜிடிஏ 4-இல் கார்களுக்கு நிஜமான கனம் இருந்தது. ஓட்டக் கஷ்டம் என்று பலர் புலம்பினார்கள், 5-இல் லேசாக்கிவிட்டார்கள்.

ஆக, ஒன்றைத்தான் ஏற்ற முடியும் என்றால்? கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் இருந்து, மிஷன் எதுவும் செய்யாமல் சும்மா ஊர் சுற்றுவது பிடிக்கும் என்றால் ஜிடிஏ 5. அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 48 நிமிஷம்; சான் ஆன்ட்ரியாஸில் 24தான். சாயங்கால வெயிலை நின்று ரசிக்க நேரம் கிடைக்கும். ஒரு ஆளை வளர்த்து ஆளாக்குவது பிடிக்கும் என்றால் சான் ஆன்ட்ரியாஸ், பழைய டிஸ்க் கிடைத்தால் இன்னும் நல்லது. பணத்துக்கு 'ஹெசோயாம்' என்ற சீட் கோடைத் (குறுக்குவழிச் சொல்) தட்டினால் இரண்டரை லட்சம் டாலர் வரும். 5-இல் பணம் தரும் சீட் கோடே கிடையாது. பார்க்கப்போனால் அதுவும் நிஜத்துக்குப் பக்கம்தான்.

ஊருக்குப் போகும்போது பென் டிரைவில் சான் ஆன்ட்ரியாஸைப் போட்டுக்கொண்டு போனான். நாலு நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாமா, சிஜே சுவர் ஏற மூச்சு வாங்கறான். ஜிம் எங்க இருக்கு?"