கிப் ரிவர் ரோட்டுக்கு வண்டி எடுக்கிறீர்களா? ஸ்டெப்னி உறையைக் கழற்றிப் பாருங்கள்

போன ஜூலை பள்ளி விடுமுறைக்கு, பெர்த்திலிருந்து புரூமுக்கு விமானத்தில் போய், கூரைமேல் கூடாரம் மாட்டிய ஹைலக்ஸ் ஒன்றைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். தெரிந்தவர்கள் சிலர் இந்த வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கிம்பர்லி பகுதிக்குக் கிளம்புகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கிப் ரிவர் ரோடு டெர்பியில் தொடங்கி கனனரா பக்கம் முடியும், சுமார் 660 கிலோமீட்டர். மாட்டுப் பண்ணைகளிலிருந்து துறைமுகத்துக்கு மாடு ஏற்றிப்போகப் போட்ட பாதை. பெரும்பகுதி மண்ணும் கூரான கல்லும்தான். வண்டி உதறுகிற உதறலில் தோசை மாவு டப்பா திறந்து பெட்டி முழுக்க அபிஷேகம். பெரும்பாலான இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. அதனால் இரண்டு ஸ்டெப்னி வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன். "இருக்கு" என்று சொல்லி, இரண்டாவதுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் தனியாக வாங்கிக்கொண்டார்கள். ஒன்று வண்டிக்கு அடியில், இன்னொன்று பின்பக்கம் கறுப்பு உறைக்குள். சின்னவள் பசியில் அழுதுகொண்டிருந்தாள். உறையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் மடத்தனம்.

விண்ட்ஜானா பள்ளத்தாக்கு வரை சுகம். நன்னீர் முதலைகள் மணலில் விறகுக்கட்டை மாதிரிக் கிடந்தன. மறுநாள் காலை முதல் பஞ்சர். அடியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டும்போதுதான் டயர் ஓரத்து எண்ணைப் பார்த்தேன்: 1813. அதாவது 2013-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் தயாரித்தது. வயிற்றைக் கலக்கியது. சரி, இன்னொன்று இருக்கிறதே என்று கிளம்பினோம்.

இமிஞ்சி தாண்டி, மானிங் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் அந்தக் கிழட்டு டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, உறையைப் பிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன்தான் சொன்னான்: "அப்பா, இதுல அஞ்சு ஓட்டைதான் இருக்கு." வண்டியில் ஆறு போல்ட். அது ஏதோ லேண்ட்குரூசரின் சக்கரம்!

உச்சி வெயிலில் மூன்றரை மணி நேரம். குடிக்கத் தண்ணீர் இருந்தது, அதுவரை பிழைத்தோம். கேரவன் இழுத்து வந்த வயதான தம்பதி நிறுத்தி, முதலில் பஞ்சரான டயரில் ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மிட்செல் அருவி ஆசையை அங்கேயே விட்டுவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து புரூமுக்குத் திரும்பினோம்.

திரும்பினால், டெபாசிட்டில் 1,140 டாலர் பிடித்தம். இரண்டு டயர், வண்டி அடியில் மண் கழுவிய கூலி. டயர் சேதம் வண்டியை வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். ஐந்து ஓட்டைச் சக்கரத்தைக் காட்டினேன். "நீங்களே வழியில் சக்கரத்தை மாற்றி வைத்திருக்கலாமே" என்றார் மேசைக்குப் பின்னாலிருந்தவர், கண்ணைக்கூட நிமிர்த்தாமல். வண்டி எடுத்தபோது உறையைக் கழற்றிப் படம் எடுக்கவில்லை, என்னிடம் பதிலும் இல்லை.

என்ன வேலைக்கு என்று சொல்லி வாடகைக்கு எடுக்கிறோமோ, அதற்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். நல்லவேளை, எந்த வழியாகப் போகிறோம் என்பதை முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். அதை வைத்து மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்ததும், இரண்டாவது ஸ்டெப்னிக்கு வாங்கிய 150 டாலரும் ஒரு டயர் விலையும் திரும்பி வந்தன. மற்றது போனது போனதுதான்.

அன்று அவர்கள் யார்டைவிட்டு வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு பையன் அந்த ஐந்து ஓட்டைச் சக்கரத்துக்கு அதே கறுப்பு உறையை மாட்டி, பக்கத்து ஹைலக்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தான்.