மேசைக் கணினியில் நிலைக்காத வைஃபை: முகப்பேர் வீட்டில் சில ஆண்டு அனுபவம்

சென்னை முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஃபைபர் கேபிள் கூடத்துச் சன்னல் வழியாக நுழைந்து, டிவி ஷோகேஸில் உள்ள ரூட்டரில் முடிகிறது. மேசைக் கணினியோ வீட்டின் மறுகோடியில், பின்பக்கப் படுக்கையறையில் இருக்கிறது. கைப்பேசிகளிலும் தொலைக்காட்சியிலும் எந்தக் குறையும் தெரியாத நாட்களில்கூட அந்தக் கணினியில் மட்டும் இணைப்பு விட்டு விட்டு வரும். என் மனைவியின் அலுவலக வேலையும் மகளின் இணைய வகுப்புகளும் அந்த ஒரே கணினியில் நடந்ததால் இதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. எதை மாற்றியபோது எது சரியானது, அப்படிச் சரியானது அடுத்தடுத்த கோடைகளையும் மழைக்காலங்களையும் தாண்டி நிலைத்ததா என்பதையே இங்கே எழுதுகிறேன். புதிய ரூட்டர், புதிய வைஃபை அடாப்டர் என்று எதையும் வாங்குவதற்கு முன்னால், பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (எங்கள் வீட்டில் அது 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8 என்னும் கூகுளின் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிக்கும் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை இடைவிடாமல் ஓடவிட வேண்டும். ரூட்டரிடமிருந்து வரும் பதில் வழக்கமாகச் சில மில்லிசெகண்டுகளுக்குள் வந்துவிடும். அந்தச் சாளரத்திலேயே பதில் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுகளுக்கு எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ, கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, வெளி முகவரி மட்டும் தவறினால் ரூட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பைச் சந்தேகிக்கலாம். சில நாட்கள் பகலிலும் இரவிலும் இப்படி ஓடவிட்டுப் பார்த்ததில், எங்கள் வீட்டில் ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருப்பது தெரிந்தது. பகலில் சில நேரங்களில் வெளி இணைப்பு அறுந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையே தடுமாறியது.

வெளிக் கோளாறு விரைவில் தீர்ந்தது. இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து வந்த ஊழியரிடம் ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த மணியில் ரூட்டர் பதில் தந்தது, வெளி முகவரி எப்போது தவறியது என்ற குறிப்பைக் காட்டினேன். அவர் வேகச் சோதனையோடு நிறுத்தாமல், பவர் மீட்டரை ஃபைபர் முனையில் பொருத்திப் பார்த்தார். வீட்டு ஃபைபர் பெட்டிகள் ஏறத்தாழ மைனஸ் 27 டிபிஎம் (சிக்னலின் வலிமையைக் குறிக்கும் அலகு; மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட வலிமை குறைவு) வரையிலான ஒளியை நம்பகமாகப் பெறும். எங்கள் முனையில் அதைவிடக் குறைவாக இருந்தது. ஷோகேஸைச் சுவரோடு நெருக்கி வைத்ததில் பின்னாலிருந்த ஃபைபர் கூர்மையாக மடங்கியிருந்தது. கண்ணாடி இழை அளவுக்கு மீறி வளைந்தால் உள்ளே செல்லும் ஒளி வளைவில் கசிந்துவிடும். அதை அகன்ற வட்டமாகச் சுற்றி வைத்த பிறகு அந்தப் பகல்நேர அறுபடல் திரும்ப வரவில்லை. ரூட்டரில், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா என்பதை எவரும் பார்க்கலாம். அது மின்னினால் கணினியில் எதையும் மாற்றிப் பயனில்லை.

வீட்டுக்குள் இருந்த கோளாறுதான் பல அடுக்குகளாக இருந்தது. கைப்பேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியை நிறுவினால் சிக்னலின் வலிமை டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு இருந்தால் காணொளிக் கூட்டங்கள் தடையின்றி நடக்கும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் இணைப்பு பெயரளவுக்குத்தான். கூடத்தில் மைனஸ் 40-க்கு அருகில் இருந்த அளவு, கணினி மேசையின் மேல் மைனஸ் 65 அளவுக்கு இறங்கியது. மேசைக்கு அடியில், கணினிக் கேபினட்டின் பின்புறத்தில், கைப்பேசியைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது அது மைனஸ் 78 ஆனது. கணினியின் ஆன்டெனாக்கள் இருந்தது அந்த இடத்தில்தான். முன்னால் இரும்புக் கேபினட், பின்னால் சுவர், ரூட்டர் இருக்கும் திசையில் ஸ்டீல் பீரோ. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் அதைப் பெருமளவு உறிஞ்சிவிடும். நம் அடுக்குமாடி வீடுகளில் இவை இரண்டுக்கும் குறைவே இல்லை.

இதற்கு எளிய வழி, காந்த அடியுடன் வரும் ஆன்டெனா நீட்சி. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கணினியின் வைஃபை கார்டில் திருகியிருந்த குச்சி ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, இதன் ஒயரைப் பொருத்தி, ஆன்டெனாவை மேசைமேல் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். கணினியும் ரூட்டரும் அதே இடத்தில் இருக்க, சிக்னல் மட்டும் 12 டெசிபெல் அளவுக்கு உயர்ந்தது. டெசிபெல் கணக்கில் 3 கூடினால் ஆற்றல் இரட்டிப்பாகும் என்பதால், 12 என்பது ஏறக்குறைய பதினாறு மடங்கு. பயன்படுத்தும் காலம் கூடக் கூட, வீட்டில் செய்த சிறு மாற்றங்களில் இதைவிடப் பயன் தந்தது வேறெதுவும் இல்லை என்றே தோன்றுகிறது. யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கேபினட்டின் பின்புறத்தில் நேராகச் செருகாமல், ஒரு நீட்சி ஒயரில் பொருத்தி மேசைமேல் வைத்தால் இதே பலன் கிடைக்கும்.

சிக்னல் வலுவான பிறகும் இரவு நேரத் தடுமாற்றம் முழுவதும் ஒழியவில்லை. அனலைசர் செயலியில் அதற்கான விடை இருந்தது. எங்கள் தளத்திலும் மேல், கீழ்த் தளங்களிலும் உள்ள ரூட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் 6-ஆம் சேனலைச் சுற்றியே நெருங்கிக் கிடந்தன. இந்தப் பட்டையின் சேனல்கள் ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை; ஆனால் ஒவ்வோர் ஒலிபரப்பும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மீது ஒன்று படாமல் நிற்கும். நெரிசலைத் தவிர்ப்பதாக எண்ணி 3, 4, 8 என்று இடையில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர், இருபுறத்து நெரிசலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். ஒரே சேனலில் உள்ள ரூட்டர்களாவது ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டுத் தன் முறைக்காகக் காத்திருக்கும். பாதி மேற்படியும் சேனலில் இருப்பவை ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சலாகிவிடும். இது என் வீட்டு ரூட்டரில் மட்டும் தீரும் விஷயம் அல்ல என்பதால், எதிர்வீட்டுப் பெரியவரிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் பேசி, எங்கள் மூன்று வீடுகளும் மூன்று சேனல்களைப் பிரித்துக்கொண்டோம். சேனல் அகலத்தையும் 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொண்டோம். ‘தம்பி, இப்போ பேரனோட வீடியோ கால் நடுவுல நிக்கிறதே இல்ல’ என்று அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட்டுக்கும் கூட்டம் போடுவதுபோல இதையும் ஒருமுறை பேசித் தீர்மானிக்கலாம்.

கண்டுபிடிக்க நெடுநாள் பிடித்த காரணம் வேறொன்று. குடும்பப் புகைப்படங்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுக்கும்போது மட்டும் வைஃபை படுத்துவிடும். கணினிக்குச் சுமை கூடுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணினியின் பிராசஸர் உழைப்பு குறைவாக இருந்தபோதும் இது நடந்தது. யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளும் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. டிஸ்கையும் அதன் ஒயரையும் ஆன்டெனாவிலிருந்து மேசையின் மறுமுனைக்கு நகர்த்தி, உலோக உறை நன்றாகப் போர்த்திய குட்டை ஒயரைப் பயன்படுத்தியதும் சிக்கல் நின்றது. வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது திக்கும் வீடுகளிலும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மவுஸும் பெரும்பாலும் அதே பட்டையில்தான் இயங்குகிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அப்படியே. அது ஓடும் சில நிமிடங்களுக்கு மட்டும் அருகிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு தளரும்.

இவை எல்லாவற்றையும் தவிர்க்க 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறுவது நல்லது. இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமம் தேவைப்படாததாக அறிவிக்கப்பட்டதால் இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுவர்களைத் தாண்டும் திறன் இதற்குக் குறைவு. எங்கள் ரூட்டரில் இரு பட்டைகளும் ஒரே பெயரில் இருந்தபோது கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாவலும் ஒரு சிறு துண்டிப்பு. பெயர்களைப் பிரித்து, கணினியில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்ட பிறகு தாவல் நின்றது. சேனலை 36 முதல் 48-க்குள்ளோ, 149-க்கு மேலோ வைப்பது நல்லது. இடையிலுள்ள 52 முதல் 144 வரையிலான எண்களில் ரேடார் அலை தென்பட்டால் ரூட்டர் தானாகவே விலகி வேறு சேனலுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் இணைப்பு காரணமின்றி அறுந்ததாகவே நமக்குத் தெரியும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிவிட வேண்டும். அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவ வேண்டும். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இவ்விரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சென்னையின் வெயிலுக்கும் மின்தடைக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. வீட்டு ரூட்டர்கள் பலவற்றின் விவரக் குறிப்பில் 40 டிகிரி செல்சியஸ் வரையே இயங்கும் சூழல் என்று அச்சிட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் வெளி வெப்பமே அதைத் தாண்டும்போது, கண்ணாடிக் கதவு மூடிய ஷோகேஸுக்குள் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரூட்டரை வெளியே எடுத்து, உயரமான தட்டில் காற்றோட்டமாக வைத்த பின் மே மாதப் பிற்பகல்களில் அது தானாக அணைந்து எழுவது நின்றது. சிக்னலும் சற்றுக் கூடியது. சில ஆண்டுகளில் ரூட்டருக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்து, சுமை கூடும்போது ரூட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. அதே வோல்டேஜும் அதே அளவோ கூடுதலோ ஆம்பியரும் கொண்ட புதிய அடாப்டர் போட்டதும் சரியானது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரூட்டர் அணைகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறத்தில் யூபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் மாறும் நேரம் மிகக் குறைவு.

இத்தனையும் செய்த பிறகு வைஃபை நம்பகமாகவே ஓடியது. இருந்தாலும், இடம் மாறாத மேசைக் கணினிக்கு ஈதர்நெட் ஒயர்தான் பொருத்தம் என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, லாஃப்ட்டை ஒட்டி கேசிங் போட்டு, கூடத்திலிருந்து பின் அறைக்கு கேட் 6 கேபிள் இழுத்தோம். வாங்கும்போது முழுத் தாமிரக் கம்பி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய மலிவான வகையும் கடைகளில் இருக்கிறது. இணைத்த பின் விண்டோஸில் இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டாமல் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், எட்டுக் கம்பிகளில் ஒன்று முனையில் சரியாகப் பதியவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒயர் வந்த பிறகு ரூட்டருக்குச் செல்லும் பிங் 1 மில்லிசெகண்டுக்குள் அசையாமல் நிற்கிறது. கணினி வைஃபையிலிருந்து விலகியதால் கைப்பேசிகளுக்கும் நெரிசல் குறைந்தது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்கள் கதவின் அடியில் செல்லும் தட்டைக் கேபிளை முயலலாம். அதுவும் இயலாதென்றால், முதல் செலவு ஆன்டெனா நீட்சிக்கு இருக்கட்டும். இரண்டாவது, 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள கார்டுக்கு. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரைக் கடைசியாகவே சொல்வேன். அம்பத்தூரில் உறவினர் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ரேடியோவில் கேட்பதும் சொல்வதும் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. பலவீனமான சிக்னல் உள்ள இடத்தில் வைத்தால் அந்தப் பலவீனத்தையே அது மறுபடி ஒலிபரப்புகிறது. எங்கள் வீட்டில் இப்போது மீதமிருக்கும் தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடி இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்குவதுதான். அது நடக்கும் நாளில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிடுவதால், கணினியைத் தொடாமல் நேரே இணைப்பு நிறுவனத்தை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலையைத் தொடர்கிறோம்.