டோர்ஃப்ரொமான்டிக்கா, பேய் கார்கசோனா: மலிவில் எது?

இரண்டும் 2022இல் வந்த, எல்லோரும் ஒரே அணியாய் அட்டைத் துண்டு அடுக்கும் ஆட்டங்கள். டோர்ஃப்ரொமான்டிக்கில் அறுகோணத் துண்டுகள். நதியும் ரயில் பாதையும் பொருந்தினால் சரி. காடு, வயல் எப்படியும் ஒட்டலாம். தோல்வி இல்லை. புள்ளி கூடக்கூட மூடிய ஐந்து சிறு பெட்டிகள் திறக்கும். 2023இன் ஸ்பீல் டெஸ் யாரெஸ் (ஜெர்மனியின் 'ஆண்டின் ஆட்டம்') விருது இதற்குத்தான்.

பேய் கார்கசோன், அதாவது 'மிஸ்ட்ஸ் ஓவர் கார்கசோன்': சதுரத் துண்டு, ஆறு நிலைகள். வைக்கப் பேய் பொம்மை மிச்சமில்லையென்றால் ஆட்டம் அதோடு சரி. புதியவர்கள் சறுக்குவது புள்ளி ஆசையில்: நகரத்தை முடிக்கும்போது புள்ளியை விட்டுக்கொடுத்துப் பேய்களை அகற்றலாம் என்பதை மறந்துவிடுவார்கள்.

விலைக்கழிவில் வரும் ஜெர்மன் பதிப்பு கார்கசோனுக்குப் பரவாயில்லை, துண்டுகளில் எழுத்தில்லை. ஆங்கில விதிக் கையேட்டை இறக்கினால் போதும். டோர்ஃப்ரொமான்டிக்கின் சிறு பெட்டிகளிலோ வாசிக்க வேண்டியவை உண்டு. பாவித்த பெட்டியென்றால் அந்த ஐந்தும் திறந்தனவா என்று படம் கேளுங்கள். திறந்திருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துப் பேசலாம், உள்ளடக்கம் கெடாது.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு எடுப்பதானால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுங்கள். மாரிக்கு முன் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாவிட்டால் அட்டை வளையும். உப்புவெளிக் கடற்கரைக் காற்றில் வெளியே விளையாட நினைப்பவர்களுக்கு இரண்டுமே சரிவராது.